மலைக்கு அந்தப் பக்கத்து ஆள்

இட்வால் ப்ரோபர்ட் அடுப்புக்கு முன்னால் தகரத் தொட்டியில் உட்கார்ந்து தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தபோது சவரக்கடை ஷோனி பின்கட்டு வழியாக உள்ளே வந்தான். வேல்ஸின் கரிச்சுரங்க ஊரான கும்ஹெலிக்கில் யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்டுவதில்லை. ஆனாலும் ஷிப்ட் முடிந்து ஆம்பிளைகள் குளிக்கிற நேரத்தில் அடுத்தவன் அடுப்படிக்குள் நுழையக் கூடாது என்கிற மட்டுமரியாதை உண்டு.

"கண்ணு அவிஞ்சு போச்சா ஷோனி? மனுஷன் துணியில்லாமக் கெடக்கான்," என்றாள் அவன் பெண்டாட்டி லவ்ரி. கையில் வெந்நீர்க் கெண்டி.

ஷோனி பதில் சொல்லாமல் நின்றான். அவன் பேசாமல் நிற்பதே அதிசயம். ஊரில் பாதிப் பேர் அவன் கத்தியை நம்பி அந்தக் கடைக்குப் போவதில்லை, வாய்க்காகத்தான் போவார்கள். இட்வாலுக்குக் குத்துச்சண்டை சொல்லிக்கொடுத்ததும், பந்தயம் பேசி முடிப்பதும், சண்டையன்று மூலையில் நின்று முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் அவன்தான்.

"ட்ரெவான் குழியில கூரை விழுந்திருச்சு," என்றான் கடைசியில்.

"ஐயோ. எத்தனை பேரு?"

"ஒருத்தன்தான்." தொப்பியைக் கழற்றினான். "கெத்தின் ரோசர்."

இட்வால் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. சோப்பு நுரை வழிந்து கண்ணுக்குள் இறங்கியது. அதையும் துடைக்கவில்லை.

"செத்துட்டானா?"

"இல்ல. முதுகு."

கெண்டியைக் கீழே வைத்தாள் லவ்ரி. அந்தப் பள்ளத்தாக்குகளில் 'முதுகு' என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் எதுவும் கேட்பதில்லை. எல்லாத் தெருவிலும் ஒரு வீட்டு முன்னறையில் அப்படி ஒருத்தன் படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்காது. சிலர் ஒரு வருஷம் கிடப்பார்கள், சிலர் மூன்று மாதம். எழுந்து நடந்தவன் என்று ஒருத்தனும் கிடையாது.

"ஈஸ்டர் திங்கள் பந்தயம்..." என்று ஷோனி ஆரம்பித்தான்.

"வெளிய போடா," என்றான் இட்வால்.

ஷோனி போன பிறகும் தொட்டியிலிருந்து அவன் எழவில்லை. தண்ணீர் கறுத்து ஆறிப்போனது. லவ்ரி ஒருதரம் வெந்நீர் ஊற்றினாள், இன்னொரு தரம் ஊற்றினாள். பிறகு துண்டைத் தன் தோளில் போட்டுக்கொண்டு அவன் முதுகைத் தேய்க்க உட்கார்ந்தாள். பந்தயம் வைத்திருக்கிற நாட்களில் முதுகில் தண்ணீர் படவிடமாட்டான், பலம் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. அன்றைக்குத் தடுக்கவில்லை.

ட்ரெவானுக்கும் கும்ஹெலிக்குக்கும் நடுவில் ஒரு மலைதான். இந்தப் பக்கம் ஒரு குழி, அந்தப் பக்கம் ஒரு குழி. இரண்டு ஊரிலும் அதே கரி, அதே மழை, அதே கசடு மேடு. ஆனால் சந்தையில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ட்ரெவான்காரன் பொண்ணு கேட்டு வந்தால் கும்ஹெலிக் அப்பன், "எங்க ஊர்ல நொண்டி முடம் யாருமில்லையான்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பான். இதெல்லாம் பழைய பகை. கெத்தினும் இட்வாலும் வந்த பிறகு அதற்கு ஒரு முகம் கிடைத்தது.

முதல் சண்டை ட்ரெவான் திருவிழாக் கூடாரத்தில். கெத்தின் ஜெயித்தான். இட்வாலின் மூக்கு உடைந்தது அன்றைக்குத்தான். இரண்டாவது சண்டையில் இட்வால் புள்ளிக் கணக்கில் ஜெயித்தான். ஆனால் ஜெயித்த சண்டையிலும் அவன் மனதில் தங்கியது ஓர் இடம்தான். கெத்தினை மூலையில் கயிற்றோடு நெருக்கி, வலது கையால் விலாவில் இறக்கினான். அடுத்த அடி தாடைக்கு. அதற்குள் கெத்தின் இடது முழங்காலை மடக்கி, அவன் வலது கக்கத்துக்கு அடியில் தண்ணீர்ப்பாம்பு மாதிரி நழுவி, முதுகுப்பக்கம் போய் நின்றான். திரும்பிப் பார்த்தால் கயிற்றில் சாய்ந்திருப்பது இட்வால். கண்ணுக்கு மேலே கிழிந்த தழும்பு இன்னமும் இருக்கிறது. அப்படி ஒரு தப்பித்தலை அவன் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

ஆளுக்கு ஒன்று ஆகிவிட்டது. மூன்றாவது ஈஸ்டர் திங்களுக்குப் பேசியிருந்தது. பதினைந்து சுற்று. வேல்ஸ் பட்டத்துக்கு.

இரண்டு வருஷமாக இட்வால் கரி வெட்டும்போதெல்லாம் குந்தாலியைக் கெத்தினின் விலாவில்தான் இறக்கிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி எந்தக் கைப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வான். கெத்தின் மூச்சு வாங்கும்போது எந்தத் தோளைத் தூக்குவான் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். ஒரு மனுஷனை இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம், அவனோடு நாலு வார்த்தை பேசியதில்லை என்பது இட்வாலுக்கு அன்றுவரை உறைத்ததே இல்லை.

சாராயக்கடையில் தோளில் தட்டினார்கள். "கை நனையாம மீன் பிடிச்சிட்டே இட்வால். பட்டம் உனக்குத்தான்." சொன்னவன் முகத்தைப் பார்த்துவிட்டு, இட்வால் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டிலிருந்து வந்ததும் கனத்த பூட்ஸை மாட்டினான்.

"அங்கதான் போறியா?" என்றாள் லவ்ரி.

"ம்."

"போய் என்னய்யா பேசுவே?"

"தெரியல."

அவள் இரும்புக் கல்லில் சுட்டு வைத்திருந்த உலர்திராட்சை அப்பங்களைத் துணியில் முடிந்தாள். "வெறுங்கையோட போகாதே. அந்தப் பொம்பளை திட்டினா வாங்கிக்க. பதிலுக்குப் பேசாதே."

மலையில் ஆலங்கட்டியும் மழையும் கலந்து அடித்தது. ஆடுகள் கல்சுவருக்குப் பின்னால் ஒண்டி நின்றன. ட்ரெவானில் வீடு விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அவன் தெருவில் நடந்தபோது ஒவ்வொரு ஜன்னலிலும் திரை அசைந்தது.

கதவைத் திறந்த கெத்தினின் பெண்டாட்டி மென்னா உயரமானவள். கை முழங்கைவரை ஈரம், துவைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை துவைப்பது பாவம். முதுகு உடைந்தவன் இருக்கிற வீட்டில் படுக்கைத்துணிக்கு ஞாயிறும் திங்களும் கிடையாது.

"எதுக்கு வந்தே? கண்ணால பாத்துட்டுப் போய் ஊர்ல சொல்லவா?"

லவ்ரி சொன்னபடி அவன் பேசாமல் நின்றான்.

"யாரு மென்னா?" உள்ளேயிருந்து குரல்.

"யாருமில்ல."

"யாருமில்லாதவன் இப்படி மூச்சு விடமாட்டான். மூக்குல விசில் அடிக்குது பாரு. அந்த மூக்கை உடைச்சவன் நானு, எனக்குத் தெரியாதா? உள்ள விடு."

முன்னறையில் இருந்த நல்ல நாற்காலிகளையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். மருந்தெண்ணெயின் நெடியும் அதற்கு அடியில் வேறொரு நெடியும். தோள்கள் அதே தோள்கள். கைகள் போர்வைக்கு மேலே, முட்டிகளில் கரி ஏறிய நீலத் தழும்புகளோடு கிடந்தன. போர்வைக்குள் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாத மாதிரி தட்டையாக இருந்தது.

"உக்காரு. மேல விழுந்திடமாட்டேன்."

உட்கார்ந்தான். மழை என்றான். ஆமாம் மழை என்றான் கெத்தின். உங்க குழி எத்தனை நாள் ஓடுது என்று கேட்டான். வாரத்தில் மூணு நாள் என்றான் இட்வால். அப்பம் என்றான். அங்க வை என்றான்.  இட்வால் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"நீ தோத்திருப்பேடா," என்றான் கெத்தின் திடீரென்று.

"என்னது?"

"ஈஸ்டர் திங்கள்ல. நீ தோத்திருப்பே."

எதிரே படுத்திருப்பவன் நோயாளி என்பதை இட்வால் மறந்துவிட்டான். "நானா? எந்தக் கனவுல?"

"ஒன்பதாம் சுத்துக்குள்ள உன்னைப் படுக்க வெச்சிருப்பேன்."

"ஒன்பது வரைக்கும் நீ நின்னாத்தானே."

"சரி. மணி அடிச்சாச்சு. என்ன பண்றே சொல்லு."

"என்ன?"

"முதல் சுத்துடா. மணி அடிச்சாச்சு. வாயைப் பொளந்துக்கிட்டு நிப்பியா?"

இட்வால் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தான். பிறகு தொப்பியைத் தரையில் வைத்தான். "வலப்பக்கமாச் சுத்துறேன்."

"எப்பவும் அதான். என் வலது கைக்கு அவ்வளவு பயம்."

"பயமில்ல, மரியாதை. இடது கையை உன் மூஞ்சியில வைக்கிறேன். ஒண்ணு. ரெண்டு."

"முதல்ல விழுந்தது பட்டுச்சு. ரெண்டாவதுக்குத் தலையை எடுத்துட்டேன். எடுத்த வேகத்துல உன் வயித்துல ஒண்ணு."

"முழங்கை இருக்கு அங்க."

"உன் முழங்கை மெதுவா வரும்டா. முதல் சுத்துல எப்பவும் மெதுவாத்தான் வரும், குளிருது உனக்கு. ஒத்துக்க."

இட்வால் யோசித்தான். "...பட்டுச்சு."

"அப்படி வா. அடி வாங்கினவன் ஒத்துக்கணும். பொய் சொல்லக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்."

அடுப்படியில் மென்னா துணியைப் பிழிந்தவாக்கில் நின்றாள். உள்ளே அவள் புருஷன் சிரிக்கிறான். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. பக்கத்து வீட்டில் ஜெபவீட்டு மூப்பர் இருக்கிறார், ஓய்வுநாளில் சண்டை பேசுவது அவருக்குக் கேட்கும். கேட்டால் கேட்கட்டும் என்று கதவைச் சாத்தாமல் விட்டாள். இரண்டு சுற்று முடிந்தபோது ஆட்டெலும்பும் லீக் வெங்காயத் தண்டும் போட்டுக் கொதிக்கவைத்த சாற்றை இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தாள். கெத்தின் கிண்ணத்தைக் காலி செய்தான். அவள் அதை எடுத்துக்கொண்டு போனாள். இட்வால் கிளம்பும்போது, "அடுத்த ஞாயிறு மழை பெய்யும். அந்தக் கிழக்குப் பாதையில வராதே, வழுக்கும்," என்றாள்.

அப்படித்தான் நடந்தது. ஞாயிறுதோறும் இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ. கெத்தினுக்குக் காய்ச்சல் அடிக்கிற நாளில் ஒன்று. வாரம் முழுக்க இட்வால் சுரங்கத்தில் குனிந்து கரியை வாரும்போது அடுத்த சுற்றுக்கு யோசித்தான். அந்தப் பக்கம் கெத்தின் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். நாலாம் சுற்றில் இட்வாலின் பழைய தழும்பு கிழிந்தது. ஆறாவதில் கெத்தின் ஒரு முட்டி ஊன்றினான், நடுவர் ஐந்து எண்ணுவதற்குள் எழுந்தான். எட்டாவதில் இருவரும் நடு மேடையில் நின்று மாற்றி மாற்றி அடித்ததைச் சொல்லிமுடித்தபோது இரண்டு பேருக்கும் நிஜமாகவே மூச்சு வாங்கியது. மென்னா கதவில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சண்டை நடந்த இரண்டு தடவையும் அவள் கூடாரப் பக்கம்கூடப் போனதில்லை.

"இதுக்காடா ரெண்டு பேரும் இத்தனை வருஷம் அடிச்சுக்கிட்டீங்க?" என்றாள் ஒருநாள்.

"எதுக்கு?"

"இப்படிப் பேசத்தான். முன்னாடியே உக்காந்து பேசியிருக்கலாமே."

இரண்டு பேரும் ஒரே மாதிரி விழித்தார்கள். "அடிக்காம எப்படிப் பேசுறது?" என்றான் கெத்தின்.

பிப்ரவரி கடைசியில் முதுகுப்புண் ஆழமாகிவிட்டது. அறைக்குள் நுழையும்போதே அந்த நெடி முகத்தில் அறையும். தோளெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. குரல் மட்டும் மெலியவில்லை. அன்றைக்குப் பதினோராம் சுற்று. இட்வால் அவன் கழுத்தைப் பார்த்தான். சட்டைக் காலருக்குள் இரண்டு விரல் போகிற அளவு இடைவெளி. 

"என்ன பண்றே?" என்றான் கெத்தின்.

"நெருங்குறேன். ஆனா... அசந்துட்டேன். இடது கை தாழ்ந்துடுச்சு."



"என்ன சொன்னே?"

"இடது கை தாழ்ந்துடுச்சு. தாடை தொறந்து கெடக்கு."

"உன் இடது கை என்னைக்குடா தாழ்ந்துச்சு?" கெத்தினின் முகம் வெளுத்துவிட்டது. "மூக்கு உடைஞ்சு ரத்தத்துல மூழ்கினப்பகூட அந்தக் கை தாழல. ரெண்டு வருஷம் அந்தக் கையைத் தாண்டுறதுக்கு வழி தேடித்தான் நான் தூங்கல. இன்னைக்கு இங்க வந்து தொறந்து காட்டுறியா? பிச்சை போடுறியா எனக்கு?"

"கெத்தின், நான்..."

"எல்லாரும் போடுறாங்க. பாதிரியார் போடுறாரு, மேனேஜர் பழக்கூடை அனுப்புறாரு. நீ ஒருத்தன்தான் இந்த வீட்டுக்குள்ள வந்து என்னை அடிச்சே. வெளிய போ."

"உடம்பு சரியில்லாத நேரத்துல..."

"வெளிய போடா!"

கிண்ணம் பறந்து வந்து கதவுச் சட்டத்தில் உடைந்தது. கை வீச்சு இன்னும் இருந்தது. சாறு இட்வாலின் சட்டையெல்லாம் தெறித்தது. மென்னா ஓடிவந்தாள். அவன் அவளைத் தாண்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டான்.

அடுத்த ஞாயிறு அவன் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. ஷோனி வேறொரு ஆளைப் பார்த்துவிட்டதாகச் சொன்னான், கார்டிஃப் துறைமுகத்துப் பையன், ஈஸ்டருக்கு வேண்டாம், ஏழு வாரம் கழித்து வருகிற விட்ஸன் விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றான். சரி என்றான் இட்வால். எது சொன்னாலும் சரி என்றான். சுரங்கத்தில் கூரையைத் தாங்கும் முட்டுக்கட்டை வைக்க மறந்து கூட்டாளியிடம் வசவு வாங்கினான்.

மார்ச் மாதம் ஒருநாள் மத்தியானம், லவ்ரி வாசலில் கொட்டியிருந்த கரியை வாளியில் அள்ளிக்கொண்டிருந்தபோது மலைப்பாதையில் ஒரு பெண் இறங்கி வந்தாள். சால்வையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ப்ரோபர்ட் வீடு இதுதானா?"

லவ்ரி நிமிர்ந்து பார்த்தாள். கேட்காமலே தெரிந்துவிட்டது. "உள்ள வா. முதல்ல அந்தச் சால்வையைக் கழட்டு."

அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சால்வையைக் கம்பியில் விரித்து, டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தாள். கோப்பையைப் பிடித்திருந்த மென்னாவின் கை சோடா உப்பில் வெந்து வெடித்திருந்தது. லவ்ரி தன் கையைப் பார்த்தாள். வாளிக் கரி அப்பியிருந்தது. ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள்.

"சாப்பிடமாட்டேங்கிறான்," என்றாள் மென்னா. "உன் புருஷன் வராம போனதுலேர்ந்து. வாயைத் தொறக்கிறதேயில்ல. சுவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடக்கான்."

"இவனும் அப்படித்தான் இருக்கான். சட்டையில சாறோட வந்தான், என்னன்னு கேட்டா சொல்லல."

"பாவம் பாத்துட்டான்."

"அது தப்பா?"

மென்னா டீயைக் குடித்தாள். "எனக்கும் முதல்ல புரியல. நானும்தான் பாவம் பாக்கிறேன், அவன் பொறுத்துக்கிறான். நான் பொண்டாட்டி, எனக்கு வேற வழியில்லேன்னு அவனுக்குத் தெரியும். இவன் பாத்ததை மட்டும் பொறுத்துக்க முடியல." கோப்பையை வைத்தாள். "நான் இந்த மனுஷனை எவ்வளவு சபிச்சிருக்கேன் தெரியுமா லவ்ரி? கெத்தின் ரத்தத்தோட வந்த ராத்திரியெல்லாம் இட்வால் ப்ரோபர்ட் கை அழுகிப்போகணும்னு முட்டி போட்டிருக்கேன். இன்னைக்கு நானே மலை ஏறி வந்து கேக்குறேன். உன் புருஷன் வந்து என் புருஷனை அடிக்கணும்."

லவ்ரி அவள் கோப்பையை எடுத்து நிரப்பினாள். "வருவான்," என்றாள். "நான் அனுப்புறேன்."

பின்கதவில் நிழலாடியது. இட்வால் எப்போது வந்தான் என்று தெரியவில்லை. முகமெல்லாம் கரி, கண் மட்டும் வெள்ளை. குளிக்காமல் அப்படியே திரும்பி பூட்ஸ் கயிற்றை இறுக்கினான்.

கெத்தின் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தான். இட்வால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை.

"பதினோராம் சுத்து. மணி அடிச்சாச்சு. இடது கை மேல இருக்கு. உன் வலது கண்ணு மேல வைக்கிறேன், ஒண்ணு. அதே எடத்துல இன்னொண்ணு. கண்ணு மூடிக்கிட்டு வருது உனக்கு."

சுவர்ப்பக்கமிருந்து வெகுநேரம் கழித்து, "பட்டுச்சு," என்று வந்தது. பிறகு, "ஆனா நெருங்கி வந்துட்டே. உன் காது மேல ஒண்ணு போடுறேன்."

"பட்டுச்சு. நல்லா வலிக்குது."

"வலிக்கட்டும், நாயே."

கூடவே திரும்பி வந்து கதவருகே நின்ற மென்னா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்று இடையில் நிறுத்தவில்லை. பன்னிரண்டு கெத்தினுக்கு. பதின்மூன்றில் இட்வால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான், மணிதான் காப்பாற்றியது. கெத்தினின் கன்னத்தில் சிவப்புத் திட்டு ஏறியிருந்தது, காய்ச்சலோ உற்சாகமோ. ஜன்னலில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது.

"பதினாலு," என்றான் இட்வால். அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "உன்னை மூலைக்குக் கொண்டுபோறேன்."

"போறேன். வேற வழியில்ல."

"கயித்துல சாய்ச்சுட்டேன். வலது கை விலாவுல."

"...பட்டுச்சு."

"கீழ இருந்து தாடைக்கு இடது கை வருது."

கெத்தின் கண்ணை மூடினான். போர்வையின் மேல் அவன் விரல்கள் இறுகின. நெற்றியில் வியர்வை பூத்தது. இட்வால் காத்திருந்தான்.

"பட்டுச்சு," என்றான் கெத்தின்.

"விழுந்துட்டியா?"

"விழுந்துட்டேன். எண்ணு."

இட்வால் எண்ணினான். ஏழில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "எண்ணுடா," என்றான் கெத்தின். பத்து வரைக்கும் எண்ணி முடித்தான். கெத்தின் கையை நீட்டினான். எலும்பாக இருந்தாலும் பிடி கெட்டியாக இருந்தது.

"நல்ல சண்டை," என்றான்.

மலை ஏறும்போது மழை விட்டிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று இட்வால் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். பள்ளத்தாக்கில் இரவு ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. உச்சியில், ஆட்டுப்பட்டிக் கல்சுவருக்குப் பக்கத்தில் நின்று, அந்தக் கடைசி அடியை ஒருதரம் காற்றில் போட்டுப் பார்த்தான். வலது கை விலாவுக்கு. இடது கை கீழேயிருந்து. வலது கை போன இடத்தில் கக்கம் திறந்து கிடந்தது. தண்ணீர்ப்பாம்பு நழுவுகிற அகலம்.

அவன் அப்படியே நின்றுவிட்டான். அதே மூலை. அதே அடி. கெத்தினுக்கு அது மறந்துபோகுமா? உலகத்தில் கெத்தின் ஒருத்தனால்தான் அங்கேயிருந்து வெளியே வரமுடியும்.

திரும்பி ஓடினான். ஈரக் கல்லில் இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்தான். மென்னா கதவைத் திறந்தபோது முழங்கையில் ரத்தம். அவளை விலக்கிக்கொண்டு முன்னறைக்குள் போனான்.

"விட்டுக்குடுத்துட்டே!"

கெத்தின் விழித்துத்தான் இருந்தான். "எதுவரைக்கும் போனே?"

"உச்சி வரைக்கும்."

"பரவாயில்ல. நீ வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தப்புறம்தான் உனக்குத் தோணும்னு நெனச்சேன்."

"எனக்குப் பிச்சை போட்டியாடா? என்னை அதுக்குத்தானே வெளிய தள்ளினே? கிண்ணத்தை எறிஞ்சியே! முழங்காலை மடக்கி நழுவி இருக்கணும். நீ நழுவியிருப்பே. இந்த நேரம் நான் கயித்துல கெடந்திருப்பேன்."

"கத்தாதே. உக்காரு."

"உக்காரமாட்டேன்."

"நான் பொய் சொல்லல இட்வால்." கெத்தின் மெதுவாகத்தான் பேசினான். "நீ மூலைக்குக் கொண்டுபோறேன்னு சொன்னப்பவே நெனச்சேன், மாட்டினான்டான்னு. முழங்காலை மடக்குன்னு சொன்னேன். எத்தனையோ தடவை இங்க படுத்துக்கிட்டு மடக்கியிருக்கேன். மனசுலதான். முதல் சுத்துலேர்ந்து பதிமூணாம் சுத்து வரைக்கும் உன்னைச் சுத்திச் சுத்தி வந்தேனே, அதெல்லாம் என் கால்தான். எனக்கு நல்லாத் தெரிஞ்சுது, பாதத்துக்கு அடியில பலகைகூடத் தெரிஞ்சுது. இன்னைக்கு மடக்குன்னு சொன்னேன், மடங்கல. எங்க இருக்குன்னு தேடினேன். இல்ல. மனசுலகூட இல்ல."

இட்வால் உட்கார்ந்தான்.

"அதனாலதான் பட்டுச்சுன்னு சொன்னேன். பட்டுச்சுடா. நீ நியாயமா ஜெயிச்சே."

இட்வால் கட்டில் விளிம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். கரியும் கண்ணீரும் மென்னா துவைத்து விரித்த துணியில் கறையாக இறங்கின. கெத்தின் அவன் தலைமேல் கையை வைக்கவில்லை, தேற்றவில்லை. மோட்டைப் பார்த்துக்கொண்டு, "உன் வலது கை போற எடம் தொறந்து கெடக்கு. அதை மூடு. வேறெவனாவது பாத்துருவான்," என்றான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கெத்தின் இறந்தான். அந்த ஊர் வழக்கப்படி ஆண்கள் மட்டும்தான் பிணத்தோடு போனார்கள். கும்ஹெலிக்கிலிருந்து முப்பது நாற்பது பேர் கறுப்புக் கோட்டோடு மலை ஏறி வந்தார்கள். ட்ரெவான்காரர்கள் வரிசையில் இடம் விட்டார்கள். தலைமாட்டில் தோள் கொடுக்க இட்வாலைக் கூப்பிட்டது மென்னாதான். பெட்டி கனக்கவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. சரிவில் ஏறும்போது யாரோ அடித்தொண்டையில் ஒரு துதிப்பாட்டு எடுத்தார்கள், இரண்டு ஊரும் சேர்ந்து பாடின.

விட்ஸன் விடுமுறையன்று மத்தியானம் கார்டிஃப் மைதானத்தில் இட்வால் சண்டை போட்டான். ஷோனி மூலையில் நின்றான். கூட்டம் நிறைய. பொழுது சாய்வதற்குள் ரயிலேறி, சூரியன் மலைக்குப் பின்னால் போகிற நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டான். முகத்தில் பெரிய காயம் இல்லை. லவ்ரி உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் தட்டில் வைத்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஜெயிச்சுட்டேன்."

"கடைசிச் சுத்து வரைக்கும் போச்சா?"

"போச்சு."

அவன் கறியை வெட்டினான். மென்றான். வெளியே தெருவில் யாரோ அவன் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டு போனார்கள்.

"எப்படிப்பட்ட ஆளு?" என்றாள் லவ்ரி.

இட்வால் முள்கரண்டியை நிறுத்தினான். அந்தப் பையனின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தான். தலைமுடி என்ன நிறம், எந்தக் காலை முன்னால் வைத்தான், மூச்சு எப்படி வாங்கினான். இன்று மத்தியானம்தான், கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றவன்.

"நல்ல பையன்," என்றான் கடைசியில். "பலம் இருக்கு. பலமாத்தான் அடிச்சான்."

"அப்புறம்?"

"அவனுக்கு என்னைத் தெரியாது லவ்ரி."

அவள் எழுந்து வந்து அவன் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.